மூலக்கூறு ஏன் ஓய்வதில்லை? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழின் குவாண்டம் பக்கத்தில் "தனிச்சுழி வெப்பநிலையிலும் மூலக்கூறு அதிர்ந்துகொண்டேதான் இருக்கும்" என்று ஒரு வரி வந்திருந்தது. தனிச்சுழி என்பது 0 கெல்வின், அதாவது −273.15 டிகிரி செல்சியஸ். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பழைய வட ஆர்க்காடு வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கே இந்த இதழின் பக்கத்தை ஒதுக்கியிருக்கிறோம். நிறமாலை ஆய்வில் உள்ள வழக்கப்படி ஆற்றலை அலைஎண்ணில், அதாவது செ.மீ⁻¹ அலகில் சொல்லியிருக்கிறோம். 1 செ.மீ⁻¹ என்பது ஒரு மோலுக்கு 11.96 ஜூல். இதைக் குறித்து வைத்துக்கொண்டால் எல்லாக் கணக்கையும் நீங்களே சரிபார்க்கலாம்.

கேள்வி: தனிச்சுழி வெப்பநிலையில் எல்லா அசைவும் நின்றுவிடும் என்று பள்ளியில் படித்தோம். கல்லூரிக்கு வந்ததும் நிற்காது என்கிறார்கள். எதை எடுத்துக்கொள்வது?
– பி.எஸ்சி. வேதியியல் மாணவி, காட்பாடி

பதில்: வெப்பத்தால் வரும் அசைவு நின்றுவிடும் என்பது சரி. எல்லா அசைவும் நின்றுவிடும் என்பது தவறு. மிச்சமாக ஓர் அதிர்வு இருக்கிறது. அது வெப்பத்தால் வந்ததல்ல, ஆகவே குளிரவைத்து அதை எடுக்கவும் முடியாது.

ஹைட்ரஜன் குளோரைடை எடுத்துக்கொள்வோம். சமநிலையில் இரண்டு அணுக்களுக்கும் நடுவே 127.5 பிக்கோமீட்டர். பிணைப்பை ஒரு சுருள்வில்லாக வைத்துக் கணக்கிட்டால் அதன் விசை மாறிலி மீட்டருக்கு 516 நியூட்டன். இந்த வில் அசையாமல் நிற்க வேண்டுமென்றால் நீளம் துல்லியமாக 127.5-இல் நிற்க வேண்டும். அதே நேரத்தில் உந்தமும் துல்லியமாகச் சுழியாக வேண்டும். இரண்டும் ஒன்றாக நடப்பதை ஹெய்சன்பர்க்கின் நிச்சயமற்ற தன்மைக் கோட்பாடு அனுமதிப்பதில்லை. 

பாடப்புத்தகங்கள் இதோடு நிறுத்திவிடுகின்றன. எண்ணைப் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். மிகத் தாழ்ந்த நிலையில் பிணைப்பு நீளத்தின் பரவல், அதாவது திட்ட விலக்கம், 7.6 பிக்கோமீட்டர். அப்போது சராசரி இயக்க ஆற்றல் 748, சராசரி நிலை ஆற்றல் 748, மொத்தம் சுமார் 1,495 செ.மீ⁻¹. இப்போது பரவலைப் பாதியாக, 3.8 ஆக, நெருக்கிப் பாருங்கள். வில்லின் நிலை ஆற்றல் நான்கில் ஒரு பங்காகக் குறைந்து 187-க்கு வரும். ஆனால் இடத்தைப் பாதியாக்கியதால் உந்தத்தின் பரவல் இரண்டு மடங்காகும், இயக்க ஆற்றல் நான்கு மடங்காகி 2,991 ஆகும். மொத்தம் 3,178. மறுபக்கம் போய் பரவலை 15.2 ஆக்கினாலும் கதை அதேதான்: இயக்க ஆற்றல் 187, நிலை ஆற்றல் 2,991. எந்தப் பக்கம் நகர்ந்தாலும் ஆற்றல் ஏறுகிறது. இரண்டும் சரிபாதியாக நிற்கும் அந்த 7.6-தான் மிக மலிவான இடம். அங்கே இருக்கும் ஆற்றலே சுழிப்புள்ளி ஆற்றல். சூத்திரத்தில் வரும் அந்த அரை (பிளாங்க் மாறிலி × அதிர்வெண் × ½) பிறப்பது இந்தப் பேரத்தில்தான்.

வெப்பத்துக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று பார்க்க வேலூர் அக்னி நட்சத்திரமே போதும். 43 டிகிரியில் வெப்ப ஆற்றலின் அளவு சுமார் 220 செ.மீ⁻¹. மூலக்கூறின் அதிர்வு ஆற்றல் படிப்படியாகத்தான் ஏறும்; ஹைட்ரஜன் குளோரைடு அடிப்படியிலிருந்து அடுத்த அதிர்வுப் படிக்கு ஏற 2,886 வேண்டும். அந்த வெயிலிலும் பத்து லட்சம் மூலக்கூறுகளில் இரண்டுதான் மேல்படியில் இருக்கும். மற்றவை எல்லாம் அடிப்படியிலேயே, தனிச்சுழியில் இருக்கும் அதே அதிர்வுடன் இருக்கின்றன. அயோடின் ஆவி அப்படியல்ல. அதன் படி உயரம் 213 மட்டுமே என்பதால் அடிப்படியில் 100 இருந்தால் முதல் படியில் 38 இருக்கும். கனமான அணு, தளர்ந்த பிணைப்பு என்றால் வெப்பம் ஆளும். லேசான அணு, விறைப்பான பிணைப்பு என்றால் சுழிப்புள்ளி ஆற்றல் ஆளும். ஹைட்ரஜன் இருக்கும் இடமெல்லாம் இந்தப் பேச்சு வருவதற்குக் காரணம் இதுதான்.

கேள்வி: அதிர்கிறது என்றால் ஆற்றலைக் கதிராக வெளிவிட்டு நாளடைவில் நின்றுபோக வேண்டாமா?
– வாசகர், ஆற்காடு

பதில்: வெளிவிட வேண்டுமென்றால் இறங்குவதற்கு ஒரு படி வேண்டும். அடிப்படிக்குக் கீழே படி கிடையாது. "அதிர்கிறது" என்ற சொல் ஊசல் போல முன்னும் பின்னும் போய்வருவதை நினைக்கவைக்கிறது. அடிநிலையில் உண்மையில் இருப்பது காலத்தோடு மாறாத ஒரு பரவல். எந்த நேரத்தில் அளந்தாலும் நீளம் 127.5-ஐச் சுற்றி அதே 7.6 விலக்கத்தோடு சிதறிக் கிடைக்கும். மின்னூட்டப் பரவல் காலத்தோடு மாறாத இடத்தில் கதிர் வெளிவராது.

கேள்வி: எம்.எஸ்சி. செய்முறையில் ஹைட்ரஜன் குளோரைடின் ஐ.ஆர். (அகச்சிவப்பு) நிறமாலை எடுக்கிறோம். அதிலிருந்து சுழிப்புள்ளி ஆற்றலைக் கணக்கிடும்போது ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விடை வருகிறது. சரியான முறை எது?
– முதுகலை மாணவர்கள், வேலூர்

பதில்: விடை மாறுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். 2,886-ஐப் பாதியாக்கி 1,443 என்று எழுதிவிடுகிறார்கள். சரியான விடை 1,482. வித்தியாசம் 39 செ.மீ⁻¹, மோலுக்கு 0.47 கிலோஜூல். கருவியைக் குறை சொல்ல முடியாது, பிழை கணக்கில்தான்.

உண்மையான பிணைப்பு முழுச் சீரிசை வில் அல்ல. மேலே போகப் போகப் படிகள் நெருங்கிக்கொண்டே வரும். நீங்கள் அளக்கும் 2,886 என்பது அடிப்படிக்கும் முதல் படிக்கும் உள்ள இடைவெளி, ஏற்கெனவே நெருங்கிப்போனது. நெருக்கம் இல்லாத சீரிசை அலைஎண் 2,991. நெருக்கத்தை அளக்கும் சீரிசையின்மை எண் 52.8. அளந்த இடைவெளி என்பது சீரிசை அலைஎண்ணிலிருந்து அந்த எண்ணின் இரண்டு மடங்கைக் கழித்தது. சுழிப்புள்ளி ஆற்றலோ சீரிசை அலைஎண்ணின் பாதியிலிருந்து அந்த எண்ணின் கால் பங்கை மட்டும் கழித்தது. ஆகவே ஒரே ஒரு பட்டையை வைத்துக்கொண்டு விடை காண முடியாது, இரண்டு அளவுகள் வேண்டும்.

முதல் வழி, மேற்சுரப் பட்டை, அதாவது அடிப்படியிலிருந்து நேராக இரண்டாம் படிக்கு ஏறும்போது வரும் பட்டை. அது 5,668-இல் வருகிறது. 2,886-ஐ மூன்றால் பெருக்கி 5,668-ஐக் கழியுங்கள், 2,990 கிடைக்கும். அதுவே சீரிசை அலைஎண். அதிலிருந்து 2,886-ஐக் கழித்து இரண்டால் வகுத்தால் சீரிசையின்மை எண் 52. பாதி 1,495, கழிக்க வேண்டியது 13, விடை 1,482 செ.மீ⁻¹. மோலுக்கு 17.7 கிலோஜூல். சிக்கல் என்னவென்றால், கல்லூரிகளில் உள்ள பல எஃப்.டி.ஐ.ஆர். (அகச்சிவப்பு நிறமாலை) கருவிகள் 4,000-த்தோடு நின்றுவிடும். மேற்சுரம் அதற்கு அப்பால், அதுவும் மிக மங்கலாக விழுகிறது.

அதனால் இரண்டாவது வழியையே பரிந்துரைக்கிறோம். டியூட்டிரியம் (ஹைட்ரஜனின் கனமான ஐசோடோப்பு) குளோரைடையும் ஓட்டுங்கள். அதன் பட்டை மையம் 2,090.8, எந்தக் கருவிக்கும் எட்டும் இடம். ஹைட்ரஜனை டியூட்டிரியமாக மாற்றினால் பிணைப்பின் விறைப்பு மாறாது, குறைக்கப்பட்ட நிறை (இரண்டு அணு நிறைகளின் பெருக்கலை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தது) மட்டும் 0.9796-இலிருந்து 1.9044 அணு நிறை அலகுக்கு ஏறும். இவற்றின் விகிதம் 0.5144, அதன் வர்க்கமூலம் 0.7172. சீரிசை அலைஎண் வர்க்கமூலத்தால் குறையும், சீரிசையின்மை எண் விகிதத்தால் குறையும். இரண்டு சமன்பாடு, இரண்டு தெரியாத எண். தீர்த்தால் ஹைட்ரஜன் குளோரைடின் சீரிசை அலைஎண் 2,989, சீரிசையின்மை எண் 51.7, சுழிப்புள்ளி ஆற்றல் 1,482. மேற்சுரத்தைப் பார்க்காமலேயே அதே விடை. ஓர் எச்சரிக்கை: இந்தத் தீர்வில் 0.2028 என்ற சின்ன எண்ணால் வகுக்கிறீர்கள். டியூட்டிரியம் பட்டையின் மையத்தை 1 செ.மீ⁻¹ தவறாகப் படித்தால் சீரிசை அலைஎண் 5 தவறும், சுழிப்புள்ளி ஆற்றல் கிட்டத்தட்ட 2 தவறும்.

பட்டை மையத்தைப் படிப்பதில்தான் இன்னொரு பிழை. பட்டையின் நடுவில் கோடே இருக்காது, ஒரு பள்ளம் இருக்கும். சிலர் மிக உயரமான சுழற்சிக் கோட்டை மையம் என்று எழுதிவிடுகிறார்கள். பள்ளத்தின் இருபுறமும் உள்ள முதல் கோடுகள் 2,906.2, 2,865.1. இரண்டின் சராசரி 2,885.7. முதல் படியில் பிணைப்பு கொஞ்சம் நீண்டுவிடுவதால் உண்மை மையம் இதைவிட 0.3 அதிகம். ஒவ்வொரு கோடும் இரட்டையாகத் தெரியும். குளோரின்-35, குளோரின்-37 இரண்டும் மூன்றுக்கு ஒன்று என்ற வீதத்தில் கலந்திருப்பதால் அப்படி. 35-இன் கோடுதான் உயரமானது, அதிக அலைஎண் பக்கம் நிற்பது. எப்போதும் அதையே படியுங்கள். இடைவெளி ஹைட்ரஜன் குளோரைடில் சுமார் 2, டியூட்டிரியம் குளோரைடில் சுமார் 3 செ.மீ⁻¹. கருவியின் பிரிதிறனை 1 அல்லது அதற்கும் கீழே வைக்காமல் 4-இல் ஓட்டினால் இரட்டை ஒன்றாகக் குழைந்துவிடும். அப்போது நீங்கள் படிப்பது இரண்டின் கலவை.

வாயுவைத் தயாரிப்பது பற்றி: சோடியம் குளோரைடின் மேல் அடர் கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வரும் வாயுவை இன்னொரு குடுவை அடர் கந்தக அமிலம் வழியாகக் குமிழியிட்டு உலர்த்தி, 10 செ.மீ. வாயுக் கலத்தில் நிரப்புங்கள். எல்லாம் ஃப்யூம் ஹூட்டுக்குள். டியூட்டிரியம் குளோரைடுக்குக் கனநீரை (டியூட்டிரியம் கொண்ட நீரை) பென்சாயில் குளோரைடில் விட்டு லேசாகச் சூடாக்கினால் போதும். கலத்தின் கண்ணாடிச் சுவரில் ஒட்டியிருக்கும் ஈரம் டியூட்டிரியத்தைப் பிடுங்கிக்கொண்டு ஹைட்ரஜனைக் கொடுத்துவிடும். முதல் நிரப்பல் அதற்கே பலியாகும். அதை வெளியேற்றிவிட்டு மறுபடி நிரப்பி ஓட்டுங்கள். கலத்தின் ஜன்னல்கள் உப்புப் படிகம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் மேசைமேல் ஒரு மதியம் விட்டுவைத்தாலே மங்கிவிடும். வேலை முடிந்ததும் டெசிகேட்டருக்குள் போக வேண்டும். வெறும் விரலால் தொடவும் கூடாது.

கேள்வி: ஆற்றல் வித்தியாசத்தைத்தான் அளக்க முடியும் என்கிறீர்கள். அடிப்படியின் உயரத்தை யார், எப்படிக் கண்டுபிடித்தார்கள்? சூத்திரத்தில் வந்ததால் நம்பிவிட்டார்களா?
– ஆசிரியர், வாலாஜாபேட்டை

பதில்: நம்பிக்கையில் ஏற்கவில்லை. 1911–12-இல் பிளாங்க் தம் இரண்டாவது கதிர்வீச்சுக் கோட்பாட்டில் அரை குவாண்டத்தைக் கொண்டுவந்தார். 1913-இல் ஐன்ஸ்டீனும் ஸ்டெர்னும் ஹைட்ரஜனின் வெப்ப ஏற்புத்திறனை விளக்க அதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள், ஆனால் அது நிலைக்கவில்லை. தெளிவான சான்று 1924-இல் ராபர்ட் முல்லிகனின் நிறமாலை அளவுகளில் வந்தது. ஹெய்சன்பர்க்கின் குவாண்டம் இயக்கவியல் அதற்கு அடுத்த ஆண்டுதான் வருகிறது. சோதனை முந்திக்கொண்டது என்பதை மாணவர்களுக்கு அழுத்தமாகச் சொல்லலாம்.

முல்லிகன் ஆராய்ந்தது போரான் மோனாக்சைடு. போரான் இயற்கையில் 10, 11 என்ற இரண்டு ஐசோடோப்புகளாகக் கிடைக்கிறது. ஒளிரும் மூலக்கூறு மேல் மின்னணு நிலையின் அடிப்படியிலிருந்து கீழ் மின்னணு நிலையின் அடிப்படிக்கு இறங்கும் பட்டையைப் பாருங்கள். இரண்டு பக்கமும் அதிர்வு எண் சுழி. அடிப்படியின் ஆற்றலும் சுழி என்றால் இரண்டு ஐசோடோப்புக்கும் இந்தப் பட்டை ஒரே இடத்தில் விழ வேண்டும். விழவில்லை. கீழ் நிலையில் அதிர்வு அலைஎண் சுமார் 1,886, மேல் நிலையில் சுமார் 1,261. போரான்-10 லேசானது என்பதால் இரண்டும் 2.9 சதவீதம் ஏறும். வித்தியாசமான 625-இன் 2.9 சதவீதத்தில் பாதி, அதாவது சுமார் 9 செ.மீ⁻¹ அளவுக்குப் பட்டை நகர வேண்டும். அந்த அளவு நகர்வு நிறமாலைத் தட்டில் இருந்தது. அரை என்ற எண்ணை வைத்தால்தான் கணக்கு பொருந்தியது. அந்தப் பட்டைகளை அதற்கு முன் போரான் நைட்ரைடுடையவை என்று எண்ணியிருந்தார்கள். அவை ஆக்சைடுடையவை என்று காட்டியதும் இதே ஐசோடோப்பு நகர்வுதான்.

வகுப்பறைக்கு இன்னும் எளிய சான்று ஹைட்ரஜன். சாதாரண ஹைட்ரஜன் மூலக்கூறைப் பிளக்க மோலுக்கு 432.1 கிலோஜூல் வேண்டும். டியூட்டிரியம் மூலக்கூறைப் பிளக்க 439.6. இரண்டிலும் எலக்ட்ரான்கள் ஒன்றே, அணுக்கருவின் மின்னூட்டம் ஒன்றே, ஆற்றல் பள்ளமும் கிட்டத்தட்ட ஒன்றே. பள்ளத்தின் அடியிலிருந்து ஹைட்ரஜன் 2,179 செ.மீ⁻¹ உயரத்தில் நிற்கிறது, டியூட்டிரியம் சுமார் 1,546 உயரத்தில் நிற்கிறது. உயரத்தில் நிற்பவர் வெளியேறக் கொஞ்சம் ஏறினால் போதும். அந்த 7.5 கிலோஜூல் வித்தியாசம் முழுவதும் இங்கிருந்துதான் வருகிறது.

கேள்வி: "ஜீரோ பாயிண்ட் எனர்ஜி" பதக்கம், பேனா என்று எங்கள் ஊரில் ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்கிறார்கள். தண்ணீரில் சுழற்றினால் மூட்டு வலி போகும் என்கிறார்கள். மூலக்கூறில் ஆற்றல் இருப்பது உண்மை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை வெளியே எடுக்க முடியாதா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: முடியாது. வாங்காதீர்கள்.

ஆற்றல் இருப்பது உண்மை. ஒரு மோல் நீரில், அதாவது 18 கிராமில், அதிர்வின் சுழிப்புள்ளி ஆற்றல் சுமார் 55 கிலோஜூல். கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆற்றலை எடுப்பதென்றால் மூலக்கூறை ஒரு நிலையிலிருந்து அதைவிடத் தாழ்ந்த நிலைக்கு இறக்குவது என்று பொருள். சுழிப்புள்ளி நிலை என்பதே மிகத் தாழ்ந்த நிலை. அதற்குக் கீழே இறங்க இடமில்லை. முதல் கேள்வியின் கணக்கைப் பாருங்கள்: பரவலைக் குறைத்தாலும் கூட்டினாலும் ஆற்றல் நம் கையிலிருந்து செலவாகிறதே ஒழிய வரவில்லை. பிணைப்பை மாற்றினால் மட்டும் இந்த ஆற்றலின் ஒரு பகுதி கணக்கில் வந்துசேரும். அது சாதாரண வேதிவினை, விறகு எரியும்போதும் நடப்பது. அதற்குப் பேனா தேவையில்லை.

விற்பவர்கள் வெற்றிடத்தின் சுழிப்புள்ளி ஆற்றலையும் இழுப்பார்கள். 1948-இல் டச்சு இயற்பியலாளர் காசிமிர் சொன்னபடி, வெற்றிடத்தில் மிக நெருக்கமாக வைத்த இரண்டு உலோகத் தகடுகள் ஒன்றையொன்று ஈர்ப்பது அளந்து காட்டப்பட்டது. ஆனால் தகடுகள் நெருங்கும்போது ஒருமுறை கிடைக்கும் வேலையை, அவற்றை மறுபடி பிரிக்கும்போது அப்படியே திருப்பிக் கொடுத்தாக வேண்டும். சுற்று முடிந்தால் கையில் மிச்சம் எதுவும் இராது.

பணம் போவதோடு இது முடிவதில்லை என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம், உடலுக்குச் சக்தி தரும் என்று விற்கப்பட்ட பதக்கம், கைவளையம் உள்ளிட்ட பத்துப் பொருள்களில் கதிரியக்கம் இருப்பதாகக் கண்டு, அணிய வேண்டாம் என்று எச்சரித்தது. நாள் முழுவதும் தோலோடு ஒட்டியிருக்கும் பொருள் அது. குழந்தைகள் கழுத்தில் போட்டிருந்தால் இன்றே கழற்றிவிடுங்கள். மூட்டு வலிக்கு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் திரவ ஹீலியம் இருக்கிறது என்றும், அதை உறையவைக்கவே முடியாது என்றும் கேள்விப்பட்டேன். இதற்கும் சுழிப்புள்ளி ஆற்றல்தான் காரணமா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: ஆமாம். ஆனால் இது மூலக்கூறுக்குள் நடக்கும் அதிர்வல்ல, அணு தன் இடத்திலேயே ஆடும் ஆட்டம். ஹீலியம் 4.2 கெல்வினில் திரவமாகும். அதற்குக் கீழே சாதாரண அழுத்தத்தில் எவ்வளவு குளிர்வித்தாலும் திடமாகாது, சுமார் 25 வளிமண்டல அழுத்தம் கொடுத்தால்தான் உறையும். லேசான அணு என்பது மட்டும் காரணமல்ல. ஹைட்ரஜன் மூலக்கூறு அதைவிட லேசானது, ஆனாலும் 14 கெல்வினில் உறைந்துவிடுகிறது. ஹீலியம் அணுக்களுக்கு நடுவே ஈர்ப்பு மிகவும் குறைவு. அந்த மெல்லிய ஈர்ப்பால் சுழிப்புள்ளி ஆட்டத்தை அடக்கி வரிசையில் நிறுத்த முடிவதில்லை.

கேள்வி: மருந்தில் ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டிரியம் வைத்தால் உடலில் அதிக நேரம் தங்கும் என்று வகுப்பில் சொன்னார்கள். வேதியியல் ரீதியாக இரண்டும் ஒன்றுதானே?
– பி.பார்ம். மாணவர், வேலூர்

பதில்: எந்த வினை நடக்கும் என்பதில் இரண்டும் ஒன்று. எவ்வளவு வேகத்தில் நடக்கும் என்பதில் ஒன்றல்ல.

கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பின் நீட்சி அதிர்வு சுமார் 2,900, கார்பன்–டியூட்டிரியம் சுமார் 2,100. பாதியாக்கிக் கழித்தால் டியூட்டிரியம் 400 செ.மீ⁻¹ தாழ்வாக நிற்கிறது, மோலுக்கு 4.8 கிலோஜூல். பிணைப்பு அறுபடும் இடைநிலையில் இந்த நீட்சி அதிர்வே முன்னேறும் பாதையாக மாறிவிடுவதால் அங்கே அந்த வித்தியாசம் மறைந்துவிடுகிறது. ஆக டியூட்டிரியம் ஏற வேண்டிய மேடு 4.8 கிலோஜூல் கூடுதல். உடல் வெப்பநிலையான 37 டிகிரியில் வெப்ப ஆற்றல் 215.6 செ.மீ⁻¹. 400-ஐ இதால் வகுத்து, வருவதை e என்ற எண்ணின் அடுக்காக ஏற்றினால் வேகத்தின் விகிதம் 6.4. அறை வெப்பநிலையில் சுமார் 7.

இந்த எண்ணை அப்படியே மருந்துக்குப் பொருத்துவதுதான் தேர்வில் நடக்கும் தவறு. பிணைப்பு அறுபடும் படியே மொத்த வினையின் மெதுவான படியாக இருந்தால்தான் 6.4 முழுதாகத் தெரியும். நொதி மருந்தைப் பிடித்து உள்ளே இழுப்பதோ, விளைபொருளை வெளியே விடுவதோ மெதுவாக இருந்தால் விகிதம் 2-க்கும் 1-க்கும் நடுவே கரைந்துவிடும். இடைநிலையில் அணு நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் ஒட்டியிருந்தாலும் குறையும். மாறாக 7-ஐ நன்றாகத் தாண்டிப் போனால் அங்கே சுரங்க விளைவு (மேட்டில் ஏறாமலே அதை ஊடுருவிச் செல்வது) வேலை செய்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். உடல் இன்னொரு வழியாக மருந்தைச் சிதைக்கத் தொடங்கினால் டியூட்டிரியம் வைத்த பலனே போய்விடும். எந்தப் பிணைப்பை நொதி முதலில் தாக்குகிறது என்று தெரிந்து அங்கேதான் வைக்க வேண்டும்.

டியூட்டெட்ராபெனசின் அப்படிச் செய்யப்பட்டது. டெட்ராபெனசினின் இரண்டு மெத்தாக்சி தொகுதிகளிலும் உள்ள ஆறு ஹைட்ரஜன்களை டியூட்டிரியமாக்கினார்கள். சிதைவு மெதுவானது, குறைந்த அளவு மருந்தே போதுமானதாயிற்று. ஹன்டிங்டன் நோயில் வரும் கட்டுப்பாடற்ற அசைவுகளுக்காக 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. டியூட்டிரியம் சேர்த்த மருந்துகளில் முதலில் அனுமதி பெற்றது அதுவே.

இதே வித்தியாசத்தை வைத்துத் தொழிற்சாலையே நடக்கிறது. கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குத் தேவையான கனநீரைப் பிரிப்பது எப்படி என்று பாருங்கள். தெலங்கானாவின் மணுகுரு ஆலையில் நீரையும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவையும் கோபுரங்களில் எதிரெதிராக ஓடவிடுகிறார்கள். டியூட்டிரியம் விறைப்பான பிணைப்பையே விரும்பும், அங்கேதான் ஆற்றல் அதிகம் மிச்சமாகும். ஆக்சிஜனோடு இருந்தால் அலைஎண் சுமார் 980 இறங்குகிறது, கந்தகத்தோடு இருந்தால் சுமார் 715-தான். ஆகவே அது நீருக்குள் சேர்கிறது. சுமார் 30 டிகிரிக் கோபுரத்தில் இந்தச் சாய்வு 2.3 மடங்கு, 130 டிகிரிக் கோபுரத்தில் 1.8 மடங்கு. குளிர்ந்த கோபுரத்தில் நீருக்குள் ஏற்றி, சூடான கோபுரத்தில் வாயுவுக்கு மாற்றி, மறுபடி குளிர்ந்த கோபுரத்துக்கு அனுப்பிச் செறிவைக் கூட்டுகிறார்கள். இரண்டு கோபுரத்துக்கும் ஒரே வெப்பநிலை வைத்தால் ஒன்றும் பிரியாது.

கேள்வி: கணினியில் கண்ட சுழிப்புள்ளி ஆற்றலை ஏன் ஓர் எண்ணால் பெருக்குகிறோம்? அதிர்வெண்ணுக்கு ஓர் எண், சுழிப்புள்ளி ஆற்றலுக்கு வேறோர் எண் என்று பட்டியலில் இருக்கிறதே?
– ஆய்வு மாணவி, வேலூர்

பதில்: மென்பொருள் தருவது சீரிசை அலைஎண். சோதனையில் வருவது நெருங்கிப்போன இடைவெளி. செய்முறைக் கேள்வியில் சொன்னதுபோல, இடைவெளியில் சீரிசையின்மை முழுதாகக் கழிகிறது, சுழிப்புள்ளி ஆற்றலில் அதில் ஒரு பங்குதான் கழிகிறது. ஆகவே திருத்தமும் வேறு. பி3எல்ஒய்பி என்ற கணக்கீட்டு முறையும் 6-31ஜி* என்ற அடிப்படைச் சார்புத் தொகுதியும் என்றால் அதிர்வெண்ணுக்கு 0.9614, சுழிப்புள்ளி ஆற்றலுக்கு 0.9806. இரண்டையும் மாற்றிப் போடுவதுதான் ஆய்வேடுகளில் அடிக்கடி வரும் பிழை. நீரில் பாருங்கள்: சோதனையில் கண்ட 3,657, 1,595, 3,756 மூன்றையும் கூட்டிப் பாதியாக்கினால் 4,504. சீரிசை அலைஎண்களில் பாதி சுமார் 4,711. உண்மை 4,638, இரண்டுக்கும் நடுவில்.

வடிவத்தை உகந்ததாக்கிய அதே முறையிலும் அதே தொகுதியிலும்தான் அதிர்வெண்ணைக் கணக்கிட வேண்டும். மாற்றினால் நீங்கள் நிற்பது பள்ளத்தின் அடியே அல்ல. கற்பனை அதிர்வெண் ஒன்று வந்தால் அது இடைநிலை, சுழிப்புள்ளிக் கூட்டலில் அதைச் சேர்க்கக் கூடாது. நிலையான மூலக்கூறு என்று நினைத்ததில் அது வந்தால் வடிவத்தை மறுபடி தேட வேண்டும். மெத்தில் தொகுதியின் சுழற்சி போன்ற 100-க்குக் கீழுள்ள அதிர்வுகளைச் சீரிசையாகக் கொள்வது சுழிப்புள்ளி ஆற்றலைப் பெரிதாகப் பாதிக்காது, ஆனால் என்ட்ரோபியைக் கெடுத்துவிடும்.

கேள்வி: காவலூர் வானாய்வகத்துக்கு அருகில் இருக்கிறோம். விண்வெளியில் இதன் விளைவு தெரியுமா?
– பள்ளி மாணவன், ஆலங்காயம்

பதில்: நன்றாகத் தெரியும், ஆனால் காவலூரின் 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கானது. இதற்கு ரேடியோ தொலைநோக்கி வேண்டும். விண்வெளியில் லட்சம் ஹைட்ரஜனுக்கு இரண்டு அளவில்தான் டியூட்டிரியம் உண்டு. ஆனால் 10 கெல்வின் குளிரில் கிடக்கும் மேகங்களில் சில மூலக்கூறுகளில் அது நூற்றுக்குச் சில என்று சேர்ந்திருக்கிறது. மூன்று ஹைட்ரஜன் அயனியில் (H₃⁺) ஒரு ஹைட்ரஜன் போய் டியூட்டிரியம் புகும்போது சுமார் 232 கெல்வின் அளவு ஆற்றல் வெளியாகிறது. பெரும்பகுதி சுழிப்புள்ளி ஆற்றல் வித்தியாசம். மூன்று ஹைட்ரஜன் அயனிக்கு மிகத் தாழ்ந்த சுழற்சி நிலை தடைசெய்யப்பட்டிருப்பது மீதி. 10 கெல்வினில் அந்த 232-ஐத் திரும்ப ஏற முடியாது. உள்ளே போன டியூட்டிரியம் அங்கிருந்து மற்ற மூலக்கூறுகளுக்குப் பரவுகிறது. டியூட்டிரியம் புகுந்த அயனியின் (H₂D⁺) 372 கிகாஹெர்ட்ஸ் கோட்டை வைத்துத்தான் அதைத் தேடுகிறார்கள்.

கேள்வி: பாடப்புத்தகத்தில் ஹைட்ரஜன் பிணைப்பு ஆற்றல் 436 என்று இருக்கிறது. நீங்கள் 432 என்கிறீர்கள். இன்னொரு நூலில் 458. எது சரி?
– பிளஸ் டூ மாணவர், ராணிப்பேட்டை

பதில்: மூன்றும் சரி, மூன்றும் வேறு வேறு அளவுகள். 458 என்பது ஆற்றல் பள்ளத்தின் அடியிலிருந்து அளந்தது. அங்கே எந்த மூலக்கூறும் நிற்பதில்லை. அதில் சுழிப்புள்ளி ஆற்றல் 26-ஐக் கழித்தால் 432, தனிச்சுழியில் உண்மையில் பிளக்கத் தேவையானது. 436 என்பது 25 டிகிரியில் உள்ள என்தால்பி மாற்றம், வெப்பத்தால் வரும் 4 அதில் சேர்ந்திருக்கிறது. தேர்வில் வெப்பநிலை குறிப்பிடாமல் பிணைப்பு ஆற்றல் கேட்டால் 436 எழுதுங்கள்.